நஞ்சுக்கொடியும் நரம்பணுவும்

குழந்தை பிறந்தபின் தாயின் உடலிலிருந்து வெளியேறும் நஞ்சுக்கொடியும், அதனையும் குழந்தையையும் இணைத்திருந்த தொப்புள்கொடியும், குழந்தையைச் சூழ்ந்திருந்த பனிக்குடப் படலமும் மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் கடந்த நூறாண்டுகளுக்குள் நான்கு இடங்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்கின்றன. முதலில் அவை மண்ணுக்குப் போயின. மருத்துவமனைப் பிரசவம் பெருகியபின் எரியுலைக்குப் போயின. 2000-களின் தொடக்கத்திலிருந்து, பணம் கட்டத் தயாராக இருந்த பெற்றோர் வீடுகளில், அவற்றின் ஒரு பகுதி திரவ நைட்ரஜன் கலத்துக்குப் போனது. ஏறத்தாழ அதே காலத்தில் பல்கலைக்கழக ஆய்வகங்களின் வளர்ப்புத் தட்டுக்கும் போனது. அந்தத் தட்டில், உடலின் பல வகை உயிரணுக்களாக மாறும் ஆற்றல் கொண்ட குருத்தணுக்களை அத்திசுக்களிலிருந்து பிரித்தெடுத்து, அவற்றை நரம்பணுவைப் போன்ற உயிரணுக்களாக மாற்றும் முயற்சி இன்றும் தொடர்கிறது. புதிய வழி ஒன்று திறந்தபோது பழையது அடைபட்டுவிடவில்லை என்பதும், ஒவ்வொரு வழியிலும் திசுவின்மீது உரிமை கொண்டாடியவர் வேறு என்பதும் இவ்வரலாற்றைத் தனித்துக் கவனிக்கத் தூண்டுகின்றன.

இந்த மாற்றத்தைக் காண ஷா ஆலம் பொருத்தமான இடம். இன்று சிலாங்கூர் மாநிலத்தின் தலைநகராக இருக்கும் அந்நகரம் 1960-கள் வரை சுங்கை ரெங்கம், பத்து தீகா சுற்றுவட்டாரத்துப் பால்மரத் தோட்டங்களும் செம்பனைத் தோட்டங்களுமாகவே இருந்தது. கோலாலம்பூர் 1974-இல் கூட்டரசுப் பிரதேசமாகப் பிரிக்கப்பட்டபின் சிலாங்கூருக்குப் புதிய தலைநகர் தேவைப்பட்டது. 1978-இல் ஷா ஆலம் அந்த நிலையைப் பெற்றது, 2000-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் மாநகராக அறிவிக்கப்பட்டது. மிட்லண்ட்ஸ் தோட்டத் தமிழ்ப்பள்ளி, ஹைக்கோம் தோட்டத் தமிழ்ப்பள்ளி என்னும் பெயர்களில் மட்டும், பால்மரம் ஒன்றுகூட மிஞ்சாத பகுதிகளில், தோட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளான லயங்கள் இருந்த நிலத்தில் மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் முதன்மை வளாகமும், தொழிற்பேட்டைகளும், தனியார் மருத்துவமனைகளும் எழுந்தன. மருத்துவச்சி கொடியறுத்து நஞ்சைப் புதைத்த மண்ணுக்கும், அதே நஞ்சிலிருந்து உயிரணு பிரிக்கும் நகரத்துக்கும் இடையில் இரண்டு தலைமுறைத் தொலைவே உள்ளது.

மண்ணில் புதைக்கும் வழக்கம் இப்பகுதியில் தமிழருக்கு மட்டும் உரியதன்று. சிலாங்கூர் ஆட்சிப் பணியில் இருந்த வால்டர் வில்லியம் ஸ்கீட், 1900-ஆம் ஆண்டு வெளியிட்ட மலாய் மந்திரச் சடங்குகள் பற்றிய நூலில், பிறப்புச் சடங்குகளுக்குத் தனி இடம் ஒதுக்கினார். மலாய்க்காரர் 'ஊரி' என்றும் 'தெம்புனி' என்றும் குறிக்கும் நஞ்சுக்கொடி, அவர்களின் மரபில், குழந்தையோடு சேர்ந்து பிறந்த உடன்பிறப்பாக மதிக்கப்பட்டது. ஆகவே அதனைக் கழுவி, உப்பும் புளியும் சேர்த்து, துணியில் சுற்றி, வீட்டருகே மரியாதையோடு அடக்கம் செய்தனர். இன்றும் சிலாங்கூரின் அரசு மருத்துவமனைகளில் மலாய்த் தந்தையர் நஞ்சுக்கொடியைக் கேட்டு வாங்கி, பையில் வைத்து வீட்டுக்கு எடுத்துச் செல்வது சாதாரணக் காட்சி. தமிழகத்திலிருந்து கங்காணி வழியாகவும் பிற வழிகளிலும் வந்து சேர்ந்த தொழிலாளர் குடும்பங்களுக்கும் நஞ்சைப் புதைக்கும் வழக்கம் புதிதன்று. நாயோ நரியோ தோண்டிவிடாதபடி ஆழமாகப் புதைக்க வேண்டும் என்பதும், பகைவர் கையில் அது சிக்கக்கூடாது என்பதும் தமிழ்க் கிராமங்கள் பலவற்றில் காணப்படும் நம்பிக்கைகள். மதமும் மொழியும் வேறுபட்ட இரு சமூகங்கள், அடுத்தடுத்த நிலங்களில், ஏறத்தாழ ஒரே செயலைச் செய்துகொண்டிருந்தன. அதைப் பற்றி அவை தமக்குள் பேசிக்கொள்ள வாய்ப்பு அமைந்திருக்குமா என்பது வேறு கேள்வி.

தமிழரிடையே கூடுதலாக இருந்தது தாயத்து. குழந்தையின் வயிற்றில் எஞ்சியிருந்த தொப்புள்கொடித் துணுக்கு சில நாள்களில் காய்ந்து உதிர்ந்ததும், அதனை வெள்ளிக் குப்பிக்குள் அடைத்து, அரைஞாணில் கட்டிவிடுவது தமிழகத்தின் பல பகுதிகளில் நிலவிய வழக்கம். குருத்தணு வங்கிகள் விளம்பரம் செய்யத் தொடங்கிய பிறகு இவ்வழக்கத்துக்குப் புதிய விளக்கம் ஒன்று முளைத்தது: முன்னோர் குருத்தணுவின் அருமையை அறிந்தே அதனைச் சேமித்தார்கள் என்பது அவ்விளக்கம். இது பெருமிதத்தால் விளைந்த கற்பனையே அன்றி வரலாறு அன்று. காய்ந்து உதிர்ந்த துணுக்கில் உயிருள்ள அணு எதுவும் இல்லை. உயிரணுவை ஆண்டுக்கணக்கில் காக்க வேண்டுமானால் அதன் உள்ளிருக்கும் நீர் கூரிய பனிப்படிகமாக உறைந்து சவ்வைக் கிழித்துவிடாமல் தடுக்கும் வேதிப்பொருள் வேண்டும். அத்தகைய பொருளாகக் கிளிசரால் பயன்படும் என்பது 1949-இலும், டைமெத்தில் சல்பாக்சைடு பயன்படும் என்பது 1959-இலும்தான் பிரித்தானிய ஆய்வகங்களில் கண்டறியப்பட்டது. தாயத்து கட்டிய தாய்க்கு வேறு நோக்கம் இருந்தது: தன் உடலையும் பிள்ளையின் உடலையும் பிணைத்திருந்த ஒன்றைத் தூக்கி எறிய அவள் விரும்பவில்லை. அந்த நோக்கத்துக்கு அறிவியல் முலாம் பூசுவது அதனைச் சிறுமைப்படுத்துவதேயாகும்.

இனி, நரம்பு பற்றிய பகுதிக்கு வரவேண்டும். நரம்பு நோய் குறித்து உலகம் கவனித்த ஆய்வுகளில் மலாயாவில் நிகழ்ந்த முதன்மையான ஒன்று அரிசியைப் பற்றியது. அதன் பின்னணியில் தமிழ்த் தொழிலாளரின் புழுங்கல் அரிசிச் சோறும் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் மலாயாவின் ஈயச் சுரங்கங்களிலும் சிறைகளிலும் பெரிபெரி என்னும் நோய் ஆயிரக்கணக்கானோரை வீழ்த்தியது. கால்கள் மரத்துப்போய், தசை தளர்ந்து, நடை தள்ளாடி, கடைசியில் இதயம் செயலிழக்கும் இந்நோய், மூளைக்கும் தண்டுவடத்துக்கும் வெளியே ஓடும் நரம்புகளைத் தாக்குவது. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் லெனர்ட் பிராடன், சயாமிலிருந்து வந்த தீட்டிய பச்சரிசியை உண்ட சீனத் தொழிலாளரிடையே நோய் பெருகுவதையும், புழுங்கல் அரிசியை உண்ட தமிழரிடையே அது அரிதாக இருப்பதையும் கவனித்து, 1907-இல் அதனை நூலாக எழுதினார். நெல்லை ஊறவைத்து அவித்துக் காயவைக்கும்போது தவிட்டில் உள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்பதும், அச்சத்து தயமின் எனப்படும் பி1 ஊட்டச்சத்து என்பதும் பின்னர் தெரியவந்தவை. பிராடனோ, கெட்டுப்போன அரிசியில் ஏதோ நஞ்சு இருப்பதாகவே கருதினார். கவனிப்பு சரியாகவும் காரணம் தவறாகவும் இருந்தது.

அவருடைய கருத்தைச் சோதித்தவர் கோலாலம்பூர் மனநோய்க் காப்பகத்தின் மருத்துவர் வில்லியம் ஃபிளெட்சர். 1905-ஆம் ஆண்டின் இறுதியில் அவர் காப்பகத்து நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குப் பச்சரிசியும் மற்றதற்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்தார். நோய்க்குக் காரணம் தங்கும் கட்டடமாக இருக்கலாம் என்னும் ஐயத்தைப் போக்க, இடையில் இரு பிரிவினரின் இருப்பிடங்களையும் மாற்றிப் பார்த்தார். பச்சரிசி உண்டவரிடையே பெரிபெரி பரவிப் பலர் இறந்தனர். புழுங்கல் அரிசி உண்டவர் ஏறத்தாழ முழுமையாகத் தப்பினர். 1900-இல் கோலாலம்பூரில் நிறுவப்பட்ட மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த ஹென்றி ஃபிரேசரும் தாமஸ் ஸ்டாண்டனும் 1907-இல் ஜாவானியத் தொழிலாளர் சுமார் 300 பேரிடம் இதே கேள்வியை எழுப்பி, தீட்டும்போது அரிசியிலிருந்து நீங்கும் பகுதியிலேயே விடை இருப்பதாக முடிவு செய்தனர். அறிவியல் வரலாற்றில் இவை மதிப்போடு பேசப்படும் ஆய்வுகள். ஆனால் காப்பகத்து நோயாளியிடமும் சாலை போட வந்த கூலித் தொழிலாளியிடமும் ஒப்புதல் பெறும் முறை எதுவும் அக்காலத்தில் இல்லை. ஆய்வுக்குத் தரப்படும் உடலோ உடலின் பகுதியோ யாருடைய இசைவில் தரப்படுகிறது என்னும் கேள்வியை இப்பள்ளத்தாக்கின் மருத்துவ வரலாறு தொடக்கத்திலேயே கடந்துபோய்விட்டது. நூறாண்டு கழித்து, தொப்புள்கொடியை முன்னிட்டு, அது மீண்டும் எழுந்தது.

பிரசவம் லயத்திலிருந்து மருத்துவமனைக்கு நகர்ந்தது மெதுவாக நடந்த மாற்றம். பதிவுபெறாத மருத்துவச்சிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1966-இல் மலேசியாவில் இயற்றப்பட்டது. அடுத்த தலைமுறைக்குள் கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனைகள் ஆண்டுதோறும் பல்லாயிரம் பிறப்புகளைக் காணும் இடங்களாயின. குடும்பம் கேட்டு வாங்காத நஞ்சுக்கொடி அங்கே மஞ்சள் பையில் இடப்பட்டு, எரியுலைக்கு அனுப்பப்பட்டது; 2005-ஆம் ஆண்டின் பட்டியலிடப்பட்ட கழிவுகள் ஒழுங்குவிதிகளில் மருத்துவக் கழிவுக்குத் தனிக் குறியீடும் உண்டு. சராசரியாக அரைக் கிலோ எடையுள்ள ஓர் உறுப்பு, தாயின் குருதியிலிருந்து ஒன்பது மாதம் ஓர் உயிரை வளர்த்தபின், சட்டத்தின் பார்வையில் கழிவாக ஆனது. பின்னாளில் ஆய்வாளர்களுக்கு இத்திசு எளிதாகக் கிடைத்ததற்கு இந்த வகைப்பாடே முதற்காரணம். எவரும் விரும்பாத பொருளை எடுத்துக்கொள்வதில் யாருக்கும் மறுப்பு இருக்காது என்று கருதப்பட்டது; அக்கருத்து எந்த அளவுக்குச் சரி என்பதை, அதனைத் துணியில் சுற்றி அடக்கம் செய்யும் குடும்பங்களிடம்தான் கேட்டிருக்க வேண்டும்.

கழிவு செல்வமாக மாறிய திருப்பம் பாரிஸில் நிகழ்ந்தது. 1988-ஆம் ஆண்டு அக்டோபரில் செயின்ட் லூயி மருத்துவமனையில் எலியான் குளுக்மன் தலைமையிலான குழு, ஃபான்கோனி இரத்தசோகை என்னும் பரம்பரை நோயால் பாதிக்கப்பட்ட அமெரிக்கச் சிறுவன் ஒருவனுக்கு, புதிதாகப் பிறந்த அவன் தங்கையின் தொப்புள்கொடியிலிருந்து எடுத்த இரத்தத்தைச் செலுத்தியது. அதிலிருந்த குருத்தணுக்கள் அவனுடைய எலும்பு மஜ்ஜையில் தங்கிப் புதிய இரத்த அணுக்களை உருவாக்கின, அவன் பிழைத்தான். எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் 1987-இலேயே தொடங்கியிருந்தமையால், பாரிஸ் செய்தியின் பொருளைப் புரிந்துகொள்ளும் மருத்துவர்கள் கோலாலம்பூரில் இருந்தனர். இரத்தத்துக்கான குருத்தணு இரத்தத்தையே உருவாக்கும் என்பதில் ஐயமோ மிகையோ இல்லை. மிகை அடுத்த கட்டத்தில், வங்கிகளோடு வந்தது.

ஸ்டெம்லைஃப், கிரையோகார்ட் ஆகிய தனியார் நிறுவனங்கள் 2000-களின் தொடக்கத்தில் கிள்ளான் பள்ளத்தாக்கில் தொழிலைத் தொடங்கின. ஸ்டெம்லைஃப் 2006-இல் பங்குச் சந்தையிலும் இடம்பெற்றது. அரசுத் தரப்பில் தேசிய இரத்த மையம், எவருக்கும் பயன்படும் பொது இருப்பாகத் தொப்புள்கொடி இரத்தத்தைச் சேகரித்தது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அடிப்படையானது: பொது வங்கியில் கொடுப்பது இரத்ததானத்தைப் போன்றது, தனியார் வங்கியில் கொடுப்பது, தன் பிள்ளைக்கு மட்டும் உரிய காப்பீட்டுக்கு ஆண்டுச் சந்தா கட்டுவது. அந்தக் காப்பீடு எத்தனை பேருக்குப் பயன்படும் என்பதற்கு இந்தியக் குழந்தை மருத்துவக் கழகம் 2018-இல் வெளியிட்ட கருத்தொருமிப்பு அறிக்கை ஒரு கணக்கைத் தருகிறது: முதல் இருபது ஆண்டுகளில் சேமித்தவருக்கே அது பயன்படும் வாய்ப்பு 0.04 விழுக்காட்டுக்கும் 0.0005 விழுக்காட்டுக்கும் இடைப்பட்டது. மரபணுக் குறையால் வரும் நோய்க்குத் தன் சொந்தக் கொடியிரத்தம் உதவாது, ஏனெனில் அதே குறை அதிலும் இருக்கும். தலசீமியா நோயுள்ள குழந்தைக்கு உடன்பிறந்தவரின் கொடியிரத்தமே வேண்டும். இந்த எளிய உண்மை விளம்பரத் துண்டறிக்கைகளில் சிறிய எழுத்தில் வருவதே வழக்கம்.

இரத்தத்தோடு நின்ற வணிகம் விரைவில் கொடித் திசுவுக்கும் விரிந்தது. முதுமை மறதி, பக்கவாதம், பெருமூளை வாதம், தண்டுவட முறிவு ஆகிய நரம்பு நோய்களின் பெயர்கள் விளம்பரங்களில் இடம்பிடித்தன. இந்தியாவில், சென்னையில் 2004-இல் தொடங்கிய லைஃப்செல் உட்படப் பல நிறுவனங்கள் இதே பாதையில் சென்றபோது, 2017-ஆம் ஆண்டின் தேசிய வழிகாட்டுதல், தொப்புள்கொடி இரத்தம் ஒன்றைத் தவிர வேறு திசுவை வணிக முறையில் சேமிக்க ஒப்புதல் இல்லை என்று எழுதியது. சேமித்துவைக்கும் உறைகலமே பழுதானால் என்னாகும் என்பதற்கான விடை மலேசியாவின் அண்டை நாட்டில் கிடைத்தது: ஸ்டெம்லைஃபின் தாய்நிறுவனமான சிங்கப்பூர் கார்ட்லைஃபில் ஏழு உறைகலங்களின் வெப்பநிலை உரிய அளவைத் தாண்டியிருந்ததை அந்நாட்டுச் சுகாதார அமைச்சு 2023 நவம்பரில் வெளியிட்டது.

ஆய்வகத்தின் கதை வேறொரு அணுவிலிருந்து தொடங்குகிறது. சோவியத் ஒன்றியத்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் ஃபிரீடன்ஸ்டைன் 1960-களிலும் 1970-களிலும் எலும்பு மஜ்ஜையில், இரத்தத்தை உண்டாக்காத, ஆனால் நெகிழித் தட்டில் ஒட்டிக்கொண்டு வளர்ந்து எலும்பாக மாறக்கூடிய அணுக்களைக் கண்டறிந்தார். அமெரிக்கர் ஆர்னல்ட் கேப்லன் 1991-இல் அவற்றுக்கு மெசன்கைமல் குருத்தணு என்று பெயரிட்டார். எலும்பு, குருத்தெலும்பு, கொழுப்பு ஆகிய இணைப்புத் திசுக்களுக்கு மூலமானது என்பது அதன் பொருள். இடுப்பெலும்பைத் துளைத்து மஜ்ஜை எடுப்பது வலி மிகுந்த வேலை. அதே வகை அணு தொப்புள்கொடியிலும் நஞ்சுக்கொடியிலும் பனிக்குட நீரிலும் இருப்பது தெரியவந்தபோது, எரியுலைக்குப் போகும் திசுவைத் தேடி ஆய்வாளர்கள் வந்ததில் வியப்பில்லை. கருமுட்டையிலிருந்து வளர்ந்த முளையத்தை அழித்துக் குருத்தணு எடுப்பது சமய நோக்கிலும் அறநோக்கிலும் எழுப்பும் கேள்விகள் இங்கே எழுவதில்லை என்பதும், மலேசியா போன்ற நாட்டில், சிறிய காரணம் அன்று.

செர்டாங்கில் உள்ள மலேசியப் புத்ரா பல்கலைக்கழகத்தில் ராஜேஷ் ராமசாமியின் குழு, மனிதத் தொப்புள்கொடித் திசுவிலிருந்து இவ்வணுக்களைப் பிரிக்கும் முறையை 2011-இலும், நஞ்சுக்கொடியிலிருந்து பிரித்ததை 2012-இலும் வெளியிட்டது. செராஸில் உள்ள மலேசியத் தேசியப் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் திசுப் பொறியியல் ஆய்வு அதற்கு முன்பே வேரூன்றி, பனிக்குடப் படலத்தின் அணுக்கள் வரை விரிந்திருந்தது. வேலை நடக்கும் விதத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்பது நல்லது. அறுவை முறைப் பிரசவத்தில், தாயின் எழுத்து ஒப்புதலோடு, தூய்மை கெடாமல் எடுக்கப்பட்ட கொடி, நுண்ணுயிர்க்கொல்லி கலந்த உப்புநீரில் ஆய்வகத்துக்கு வருகிறது. ஏறத்தாழ அரை மீட்டர் நீளமுள்ள அக்கொடியில் இரண்டு தமனிகளும் ஒரு சிரையும் ஓடுகின்றன. அவற்றைச் சூழ்ந்து, வழுவழுப்பாக, வெண்மை கலந்து இருக்கும் கூழ்தான் வார்ட்டன் கூழ். 1656-இல் அதனை விவரித்த ஆங்கில மருத்துவர் தாமஸ் வார்ட்டனின் பெயர் அது. இரத்தத்தைக் கழுவி, கொடியைத் துண்டாக்கி, இரத்த நாளங்களை இடுக்கியால் உருவி எடுத்தபின், கூழைக் கத்தியால் பொடிப்பொடியாகக் கொத்தி, நார்ப்புரதத்தைச் செரிக்கும் நொதியில் ஊறவைக்கிறார்கள். விடுபட்ட அணுக்கள் 37 செல்சியஸ் பாகையில், ஐந்து விழுக்காடு கரியமில வாயு உள்ள பெட்டியில் வளர்கின்றன. ஒட்டிக்கொண்ட அணுக்கள் நீண்டு மெலிந்து, கதிர் போன்ற வடிவில் தட்டின் அடியை நிரப்பும். நிரம்புமுன் அவற்றைப் பெயர்த்து வேறு தட்டுக்கு மாற்ற வேண்டும். அவை உண்மையிலேயே மெசன்கைமல் அணுக்கள்தாமா என்பதை 2006-இல் அனைத்துலகச் சங்கம் ஒன்று வகுத்த அளவுகோல் சொல்கிறது: சிடி73, சிடி90, சிடி105 என்னும் மேற்பரப்புப் புரதங்கள் இருக்க வேண்டும், இரத்த அணுவுக்குரிய சிடி34, சிடி45 இருக்கக் கூடாது, எலும்பாகவும் கொழுப்பாகவும் குருத்தெலும்பாகவும் மாற வேண்டும். நரம்பணு அந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இங்கே ஓர் இடைக்குறிப்பு. இந்த அணுக்களை வளர்க்க நெடுங்காலம் பயன்பட்டுவரும் ஊட்டப்பொருள் கன்றுக்கருவின் சீரம், அதாவது இறைச்சிக்கூடத்தில் வெட்டப்பட்ட சினைப்பசுவின் கருவிலிருந்து எடுக்கப்பட்ட இரத்தத்தின் தெளிவு. மனிதரின் பிறப்புத் திசுவை வளர்க்கப் பிறக்காத கன்றின் குருதி வேண்டியிருக்கிறது. ஹலால் நெறியைப் பேணும் முஸ்லிம்களும் மாட்டிறைச்சியை விலக்கும் இந்துக்களும் வாழும் நாட்டில், சிகிச்சைக்கான அணுக்களை இச்சீரம் இல்லாமல் வளர்க்கும் தேடல் தூய்மை பற்றிய கேள்வியோடு நின்றுவிடுவதில்லை.

இணைப்புத் திசுவின் மூலமான அணு நரம்பணுவாக மாறுமா? 2000-ஆம் ஆண்டு நியூ ஜெர்சியில் ஐரா பிளாக்கின் குழு, மாறும் என்று அறிவித்தது. எலும்பு மஜ்ஜையின் மெசன்கைமல் அணுக்களைப் பீட்டா மெர்காப்டோ எத்தனால், டைமெத்தில் சல்பாக்சைடு முதலான வேதிப்பொருள்களில் இட்டபோது, சில மணி நேரத்திலேயே அணுவின் உடல் சுருங்கி உருண்டு, அதிலிருந்து நீண்ட கிளைகள் தோன்றின; நரம்பணுவுக்குரிய புரதங்களும் தென்பட்டன. 2003-இல் கான்சஸைச் சேர்ந்த ஆய்வாளர்கள் வார்ட்டன் கூழின் அணுக்களிலும், ஏறத்தாழ இதே வேதிப்பொருள்களைக் கொண்டு, இதே விரைவில், இதே தோற்றத்தைக் கண்டார்கள். முளையம் இன்றி, அறுவை இன்றி, கழிவிலிருந்து நரம்பணு கிடைக்கும் என்னும் நம்பிக்கை உலகெங்கும் பரவியது. குருத்தணு வங்கியின் விளம்பரத்தில் மூளையின் படம் வந்ததும் இக்காலத்தில்தான்.

விரைவே ஐயத்தை எழுப்பியது. வளரும் கருவில் நரம்பணு உருவாக நாள்களும் வாரங்களும் தேவைப்படும்போது, தட்டில் ஐந்து மணி நேரத்தில் அது எப்படி உருவாகும்? 2004-இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் மார்க் துஷின்ஸ்கி குழு அதற்கு விடை தந்தது. சலவைப்பொருள், மிகை உப்பு, அளவு மீறிய அமிலம் என எந்த வகையில் அணுவைத் துன்புறுத்தினாலும் அதே வடிவம் தோன்றியது. நரம்போடு எத்தொடர்பும் இல்லாத தோல் அணுக்களும் அவ்வாறே ஆயின. புதிய புரதம் எதுவும் உருவாகாதபடி தடுத்தபோதும் கிளைகள் தோன்றின. அணு புதிதாக எதையும் நீட்டவில்லை. உள்ளே இருந்த சட்டகம் குலைந்து உடல் சுருங்கியபோது, தட்டில் ஒட்டியிருந்த பகுதிகள் மட்டும் இழைகளாக எஞ்சின. பலர் நரம்பணு பிறந்ததாகக் கொண்டாடிய காட்சி, பெரும்பாலும் அணு வதைபடும் காட்சியாக இருந்தது. அடையாளப் புரதங்களும் உறுதியான சாட்சி ஆகவில்லை. நரம்பு முன்னணுவின் அடையாளமான நெஸ்டினும், இளம் நரம்பணுவின் அடையாளமான பீட்டா மூன்று டியூபுலினும் எந்தத் தூண்டலும் பெறாத மெசன்கைமல் அணுக்களிலேயே காணப்படுவதைப் பல குழுக்கள் எடுத்துக்காட்டின.

ஆகவே ஆய்வுலகம் இரண்டு திசைகளில் கண்டிப்பானது. முதலாவதாக, தூண்டும் முறை மாறியது: வதைக்கும் வேதிப்பொருளுக்குப் பதிலாக, கருவின் வளர்ச்சியில் இயல்பாகப் பங்கேற்கும் வளர்ச்சிக் காரணிகளையும், ஏ ஊட்டச்சத்தின் வழிப்பொருளான ரெட்டினாயிக் அமிலத்தையும், மூளையில் சுரக்கும் நரம்பூக்கப் புரதத்தையும் படிப்படியாக, நாள் கணக்கிலும் வாரக் கணக்கிலும் கொடுப்பது வழக்கமாயிற்று. இரண்டாவதாக, சோதனை மாறியது. எர்வின் நேயரும் பெர்ட் சாக்மனும் உருவாக்கி 1991-இல் நோபல் பரிசு பெற்ற நுண்பற்று முறையில், மயிரிழையினும் மெல்லிய கண்ணாடிக் குழாயை அணுவின் சவ்வில் பொருத்தி, மின்னோட்டத்தை அளக்கலாம். உண்மையான நரம்பணு மின்தூண்டலுக்கு விடையாகச் சோடியம் வாயில்களைத் திறந்து, கூர்முனை மின்துடிப்பை எழுப்பும்; அதுவும் மீண்டும் மீண்டும் எழுப்பும்; அடுத்த அணுவோடு இணைப்பு முனை அமைத்துச் செய்தி கடத்தும். பிறப்புத் திசுவின் மெசன்கைமல் அணுவிலிருந்து வந்தவற்றுள் மிகப் பெரும்பாலானவை வடிவத்திலும் அடையாளத்திலும் தேறி, இத்தேர்வில் தடுமாறுகின்றன. ஆய்வேடுகளின் தலைப்புகளில் நரம்பணு என்று எழுதாமல் நரம்பணு போன்றவை என்று எழுதும் கட்டுப்பாடு இதிலிருந்து வந்தது. அதைத் தன்னடக்கமாக எண்ண வேண்டியதில்லை, அது அளவீட்டின் முடிவு.

கிள்ளான் பள்ளத்தாக்கின் ஆய்வகங்கள் இத்துறைக்கு வந்தது இந்தத் திருத்தம் நிகழ்ந்தபின் என்பது ஒருவகையில் நன்மையாயிற்று. நுண்பற்றுக் கருவியும் அதனை இயக்கும் பயிற்சியும் எல்லா ஆய்வகத்துக்கும் எட்டுவதில்லை. மூன்றாண்டு உதவித்தொகையில் முனைவர் பட்டம் முடிக்க வேண்டிய மாணவர், ஒளிரும் சாயத்தில் நிறமேறிய புரதங்களின் படத்தோடும், மரபணு வெளிப்பாட்டு அட்டவணையோடும் நிறுத்திக்கொள்ள நேர்கிறது. அத்தகைய ஆய்வேட்டைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆனால் அதன் முடிவுரை வணிகத் துண்டறிக்கைக்குள் நுழையும்போது, எச்சரிக்கைச் சொற்கள் வழியில் உதிர்ந்துவிடுகின்றன. இந்த இடைவெளியை அடைக்கத்தான் நெறிமுறைகள் வந்தன. சுகாதார அமைச்சு குருத்தணு ஆய்வுக்கும் சிகிச்சைக்குமான வழிகாட்டுதலை 2009-இல் வெளியிட்டது. தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமை, உயிரணுச் சிகிச்சைப் பொருள்களை மருந்தாகவே கருதிப் பதிவு செய்ய வேண்டும் என்னும் விதியை 2021 ஜனவரி 1 முதல் நடைமுறைப்படுத்தியது. அழகு நிலையங்களிலும் சில மருந்தகங்களிலும் 'ஸ்டெம் செல் ஊசி' கூவி விற்கப்பட்டுவந்த நாட்டில், அணுவை மருந்தாக அறிவித்தது எந்த ஆய்வகக் கண்டுபிடிப்பையும்விட நோயாளிக்கு அதிகம் உதவிய செயல் எனலாம்.

நரம்பு நோயாளிக்கு இவ்வணுக்கள் பயன்படுமா என்னும் கேள்வியும் இதற்கிடையே வடிவம் மாறிவிட்டது. மெசன்கைமல் அணு இறந்த நரம்பணுவின் இடத்தில் அமர்வதில்லை, அது சுரக்கும் புரதங்களும் நுண்குமிழிகளும் அழற்சியைத் தணித்து, எஞ்சிய நரம்பணுக்களைக் காக்கக்கூடும் என்பதே இப்போது பரவலாக ஏற்கப்படும் கருத்து. பெயர் சூட்டிய கேப்லனே 2017-இல், குருத்தணு என்னும் பெயரைக் கைவிட்டு, மருந்தாகும் குறிப்புகளைச் சுரக்கும் அணு என்று அழைக்கலாம் என்று எழுதினார். செராஸில் மலேசியத் தேசியப் பல்கலைக்கழக மருத்துவ மையம் மூளையின் நடுத் தமனி அடைப்பால் பக்கவாதம் வந்த 17 நோயாளிகளிடம், எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த அவரவர் மெசன்கைமல் அணுக்களைக் கொண்டு நடத்திய கட்டுப்பாட்டு ஆய்வு 2021-இல் வெளியானது. சிகிச்சை பாதுகாப்பாக இருந்தது. ஆனால் நரம்பு இயக்கம், அன்றாடச் செயல்பாடு ஆகியவற்றில் சிகிச்சை பெற்றவருக்கும் பெறாதவருக்கும் இடையே தெளிவான வேறுபாடு தென்படவில்லை. ஆண்டுச் சந்தா கட்டும் பெற்றோருக்கு அனுப்பப்படும் கடிதங்களில் இவ்வகை முடிவு இடம்பெற வேண்டும்.

நரம்பணுவையே வளர்த்தெடுக்க விரும்புவோர், கியோட்டோவின் ஷின்யா யமனக்கா 2006-இல் எலியிலும் 2007-இல் மனிதரிலும் செய்துகாட்டிய முறைக்குத் திரும்பியிருக்கின்றனர். நான்கு மரபணுக்களைச் செலுத்தி முதிர்ந்த அணுவை முளைய நிலைக்கு மீட்டுவிட்டால், அதிலிருந்து மின்துடிப்பு எழுப்பும் உண்மையான நரம்பணுவை வளர்க்க முடிகிறது; அதற்குத் தோலின் ஒரு துளியோ சில மில்லி லிட்டர் இரத்தமோ போதும், தொப்புள்கொடி கட்டாயமன்று. பிறப்புத் திசுவுக்கு எஞ்சியிருப்பது சுரப்பின் பணியும், இளமையான, கதிரும் மாசும் அதிகம் தீண்டாத மரபணுவைக் கொண்ட தொடக்கப் பொருள் என்னும் தகுதியும். ஒப்புதல் படிவத்தில் ஆய்வுக்காக என்று ஒற்றை வரி எழுதிக் கையொப்பம் வாங்கும் பழக்கம் இந்தப் புதிய கட்டத்தில் போதாது: முளைய நிலைக்கு மீட்கப்பட்ட அணு முடிவின்றிப் பெருகும், வேறு நாட்டுக்கு விற்கப்படலாம், ஒரு குழந்தையின் முழு மரபணுத் தொகுதியையும் சுமந்து செல்லும். பிரசவ வலியிலிருந்து மீளாத பெண்ணின் முன் நீட்டப்படும் அப்படிவம் மலாயிலும் ஆங்கிலத்திலும் மட்டுமின்றித் தமிழிலும் இருக்க வேண்டும் என்பதும், நஞ்சைத் திருப்பிக் கேட்கும் உரிமை குடும்பத்துக்கு உண்டு என்பது அதில் வெளிப்படையாக எழுதப்பட வேண்டும் என்பதும் ஆய்வு நெறிக் குழுக்கள் கேட்கக்கூடிய மிகச் சிறிய கோரிக்கைகள்.